அரப்பில் ஒரு சிட்டிகை நீலம்

என் தலைமுடி பிறவியிலேயே செம்பட்டை. இதை எழுத்தில் ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது. இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது, இனிமேல் யார் என்ன சொல்லிவிட முடியும் என்ற தைரியம்தான்.

கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். வீட்டில் இருந்த நாலு பேரைத் தவிர மற்ற எல்லோருக்கும் நான் "செம்பட்டச்சி"தான். கிணற்றடிக்குப் போனால், "வெள்ளக்காரி வாரா, வழி உடுங்க" என்பார்கள். நிழலில் நின்றால் கொஞ்சம் தப்பிக்கலாம். வெயிலில் நின்றால் தேங்காய் நார் மாதிரி மின்னும். அம்மா கரிசலாங்கண்ணி போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றி ஊற்றி ஓய்ந்துபோனாள். எண்ணெய் தீர்ந்ததுதான் மிச்சம்.

வழியை நானேதான் கண்டுபிடித்தேன். பதின்மூன்று வயதிருக்கும். அப்பாவின் வேட்டியைத் துவைப்பது என் வேலை. பழுப்பேறிய வேட்டியை எவ்வளவு அடித்துத் துவைத்தாலும் மஞ்சள் போகாது. கடைசி அலசலில் துளி நீலத்தைக் கரைத்து முக்கி எடுத்தால் மஞ்சள் இருந்த இடமே தெரியாது. வேட்டியில் போகிற மஞ்சள் தலையில் போகாதா என்று யோசித்தேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து, இருந்த நீலம் அத்தனையையும் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். முடி கறுக்கவில்லை. பச்சையாகிப் போனது.

"கெணத்துப் பாசிய வழிச்சுத் தலைல வெச்சாப்பல இருக்குதேடி!" என்று அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். ஒரு வாரம் முக்காடு போட்டுக்கொண்டு நடந்தேன்.

ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஆள் இல்லை நான். வெறும் நீலம் போட்டால் பச்சையாகும், அடியில் நல்ல சிவப்பு இருந்தால்தான் நீலம் அதை அமுக்கிக் கறுப்பாகக் காட்டும் என்பதைத் தலையில் போட்டுப் போட்டே தெரிந்துகொண்டேன். முதலில் மருதாணி. மறுநாள் வயல் ஓரத்தில் தழை உரத்துக்காக வளர்கிற அவுரியின் இலையை அரைத்துப் பூச வேண்டும். அப்புறம் வாராவாரம் தலைக்கு ஊற்றும்போது, உசில் இலையைக் காய வைத்து இடித்த அரப்பில், அவுரித்தூள் ஒரு பிடியும் நீலம் ஒரு சிட்டிகையும் கலந்து தேய்க்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் செம்பட்டை மெதுவாகத் தலை நீட்டும். தவறாமல் தேய்த்தால் அமுங்கிக் கிடக்கும். பதினாறு வயதில் ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. செம்பட்டச்சி என்று கூப்பிட்ட வாய்களெல்லாம் என்ன எண்ணெய் தேய்க்கிறாய் என்று கேட்டன. நான் யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் கர்வம் எனக்கு வேண்டியிருந்தது.

என்னைக் கட்டிக்கொண்டவர் ரோடு வேலையில் மேஸ்திரி. கொல்லிமலைக்குக் கொண்டை ஊசி வளைவாக வளைத்து வளைத்து ரோடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பெண் பார்க்க வந்தபோது என் தலை கன்னங்கரேல் என்று இருந்தது. கல்யாணமாகி மலைமேல் குண்டூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் ஒரு சின்ன வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். அம்மா அனுப்புகிற சாமான்களில் அரப்பும் அவுரித்தூளும் தவறாமல் வரும். அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் தலைக்கு ஊற்றிக்கொள்வேன். சாயத் தண்ணீர் வாசல் பக்கம் ஓடாமல் வாழை மரத்தடிக்குப் போகும்படி வாய்க்கால்கூட வெட்டி வைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் எனக்கு இருப்பதாக நினைப்பு.

மகள் பிறந்தபோது நான் முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல, முடியைத்தான். நல்ல கறுப்பு. அப்பாடா என்று படுத்தேன். பிரசவம் பார்த்த மலைக்காரப் பெண்மணி, "புள்ளைக்குக் கையும் காலும் நல்லா இருக்குதான்னு பாக்காம முடிய இப்புடித் தடவறீங்களே" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மகளுக்கு ஒன்றரை வயது நடக்கும்போது மறுபடி உண்டானேன். சூல் கொண்டவள் பால் குழந்தைக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அன்றைக்கே பாலை நிறுத்திவிட்டேன். அவளுக்கு வயிறு சரியில்லாமல் போக ஆரம்பித்தது. பருப்புக் கொடுத்தால் மாந்தம், முட்டை கொடுத்தால் சூடு என்று எனக்குத் தெரிந்த வைத்தியத்தில் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். அக்கம்பக்கத்தில் கறவை மாடும் இல்லை. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, வேகவைத்துப் பிசைந்து கொடுத்தால் மட்டும் அமைதியாகச் சாப்பிடுவாள். வயிறு நிறைந்தால் போதாதா, வேறென்ன வேண்டும் என்று இருந்தேன். தம்பி பிறந்த பிறகு கைக்குழந்தையே பொழுதை எல்லாம் தின்றது. இவள் மூலையில் உட்கார்ந்திருப்பாள். அழமாட்டாள், அடம்பிடிக்கமாட்டாள், விளையாடக் கூப்பிட்டாலும் வரமாட்டாள். சமர்த்துப் பிள்ளை என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு வந்தது. கொழுகொழு என்று இருக்கிறாள் பாருங்கள் என்று அதையும் பெருமையாகச் சொன்னேன்.

இரண்டரை வயதில் அவள் முடி நிறம் மாற ஆரம்பித்தது. முதலில் நெற்றி ஓரம். பிறகு தலை முழுக்க. அவர் ஒரு நாள் அவளை மடியில் வைத்துக்கொண்டு, "ஏம்புள்ள, இவளுக்கு முடி செவந்துட்டு வருதே, இது யாரு சாயல்?" என்றார்.

"வெயில்ல ஆடறாளுங்க, அதான்" என்றேன்.

அந்தப் பிள்ளை வெயிலில் ஆடியே மாதக்கணக்காகியிருந்தது. அதை நினைத்துப் பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லை. நினைத்ததெல்லாம் ஒன்றுதான். என் தலையில் நான் அமுக்கி வைத்தது என் மகள் தலையில் எட்டிப் பார்க்கிறது. இன்றைக்கு யார் சாயல் என்று கேட்டவர் நாளைக்கு என் தலையைக் கிளறிப் பார்ப்பார். மாமியார் வீட்டில் வம்சத்தையே இழுப்பார்கள். என் முடி பிறக்கும்போதே செம்பட்டை, அவளுடையதோ கறுப்பாகப் பிறந்து பிறகு வெளுத்தது. இரண்டும் ஒன்றாக முடியுமா என்று கொஞ்சம் யோசித்திருந்தால் போதும். பயந்த புத்திக்கு யோசனை ஏது.

அவள் தலைக்கும் அரப்பு கலக்க ஆரம்பித்தேன். என்னுடையதைவிடக் கொஞ்சம் இளசாக. மருதாணி குளிர்ச்சி என்று ஒரு நாழிகைதான் வைத்தேன். நல்லெண்ணெய் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில், என்னவோ பெரிய கைராசிக்காரி மாதிரி பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். மூன்றாவது வாரத்தில் நிறம் பிடித்தது. சிக்கெடுத்தபோது முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அரப்பு கடுமையாகிவிட்டது போலிருக்கிறது என்று அடுத்த தடவை கஞ்சித் தண்ணீர் சேர்த்தேன். பிள்ளை உடம்பில் ஏதோ கோளாறு என்று கத்துகிற முடிக்கு நான் கஞ்சித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் மலைக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. கொஞ்சம் மிளகுக் கொடி, நாலு பலா மரம், ஒரு துண்டு சாமைக் காடு. அந்த வீட்டுக்காரி என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். அவளுக்கும் ஒரு பெண் குழந்தை, என் மகளைவிட ஒரு மாதம் இளையது. அந்தக் குழந்தைக்கும் அந்த வருஷம் முடி செம்பட்டையாகியிருந்தது. மழையில் பாதை சரிந்து கீழேயிருந்து எதுவும் மேலே வராமல் கிடந்த வருஷம், இரண்டு வீட்டு அடுப்பிலும் குச்சிக்கிழங்குதான் வெந்தது. அந்தக் குழந்தையின் முடி ஏன் சிவந்தது என்றும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. மலைக்காரர்கள் எண்ணெய் வைப்பதில்லை என்று நானாகவே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் அவர் வேலையிலிருந்து வரும்போதே ஒரு சேதியோடு வந்தார். அடுத்த சந்தை நாளில் சோளக்காடு ஊர்ச் சந்தைக்கு ஜீப்பில் ஒரு டாக்டரம்மா வருகிறார், மலைக் குழந்தைகளை எல்லாம் பார்க்கப் போகிறார் என்றார். ஊர் உலகம் கூடுகிற இடம். ரோடு ஆபீஸ்காரர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள். எனக்கு ஒரே கவலைதான். முந்தின நாளே மகளை உட்கார வைத்துத் தலைக்கு ஊற்றினேன். நீலம் வழக்கத்தைவிட ஒரு சிட்டிகை கூடவே போட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கக்கா, உங்க பாப்பாவுக்கும் முடி எம்புள்ளயாட்டம்தான இருந்துச்சு? இப்ப எப்புடிங்க இத்தன கறுப்பாச்சு?"

"அரப்புத்தான் புள்ள."

"எங்க அரப்புக்கு இப்புடி ஆகலீங்களே. ஒரு கையி எனக்கும் குடுங்கக்கா. நாளைக்கு நாலு பேரு பாக்கற எடம். எம்புள்ளையும் பாக்க நல்லா இருக்கோணுமில்ல."

டப்பா என் பக்கத்திலேயே இருந்தது. ஒரு கை எடுத்தால் குறைந்துவிடாது. ஆனால் கொடுத்தால் மலை முழுக்கத் தெரிந்துவிடும், அவர் காதுக்கும் போகும் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. என் மகள் கறுப்பு முடியோடு நிற்கும்போது பக்கத்தில் அவள் மகள் செம்பட்டையாக நின்றால்தானே என் மகள் எடுப்பாகத் தெரிவாள்! இப்படிப்பட்ட மனசோடுதான் நான் இருந்தேன்.

"இது மருந்து போட்டது, உம்புள்ளைக்குச் சேராது" என்று சொல்லி டப்பாவை மூடினேன். அவள் முகம் வாடிப்போயிற்று. உள்ளே போனாள்.

மறுநாள் சோளக்காட்டில் பலாப்பழ வாசனைக்கு நடுவே நீள வரிசை நின்றது. மரத்தடியில் மேசை போட்டு டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். வரிசை அவரிடம் போகும் முன்பே ஒரு கம்பவுண்டர் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் குரல் கேட்கவேண்டுமே என்று கத்தினார்.

"செம்பட்ட முடிக் கொழந்தைங்க எல்லாம் இந்தப் பக்கம், டாக்டரம்மாகிட்ட! மத்தவங்க அந்தப் பக்கம்!"

என் காது இரண்டும் சூடாகிவிட்டது. கிணற்றடியில் கேட்ட குரல் மாதிரியே இருந்தது எனக்கு. செம்பட்டைக்காரர்களை இங்கேயும் ஒதுக்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மற்ற ஊரில் தொத்து நோய்க்காரர்களைத் தனியாக நிறுத்துவார்களே, அப்படி. பக்கத்து வீட்டுக்காரியின் குழந்தையைக் கம்பவுண்டர் டாக்டரம்மா பக்கம் போகச் சொன்னார். அவள் பயந்து அழுதேவிட்டாள்.

"அக்கா, எம்புள்ளைய எதுக்குங்க தனியா நிறுத்தறாங்க?"

"ஒண்ணுமில்ல, போ புள்ள" என்றேன். சொல்லும்போது உள்ளுக்குள் எனக்குக் குளுகுளு என்றிருந்தது.

எங்கள் முறை வந்தது. கம்பவுண்டர் என் மகளின் தலையைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. உப்பின கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார். "இது நல்லா இருக்கு, அந்தப் பக்கம் போங்கம்மா" என்றார்.

நான் இத்தனை வருஷமாகத் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த இடத்தில்தான். இவளுக்கும் செம்பட்டைதான் சார், நான்தான் சாயம் போட்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை போதும். டாக்டரம்மாவின் மேசை பத்தடியில் இருந்தது. என் வாயை யாரும் கட்டவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார், ரோடு ஆபீஸ்காரர்கள் நின்றார்கள், அவ்வளவுதான். நான் மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நல்ல பிள்ளைகள் பக்கம் போனேன். அங்கே ஆளுக்கொரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வரும் வழியெல்லாம் எனக்கு வாயெல்லாம் பல்.

டாக்டரம்மா பக்கம் போன குழந்தைகளுக்குப் பால் பவுடர் கொடுத்தார்கள். எண்ணெய் மாதிரி ஒரு மருந்தும் கொடுத்து, பருப்பும் முட்டையும் கொடுக்கச் சொல்லி, சந்தைக்குச் சந்தை வரச் சொன்னார்களாம். பக்கத்து வீட்டுக்காரி ஒரு சந்தை தவறாமல் நடந்தாள். ஒரு நாள் இலையில் கொஞ்சம் பவுடரை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். "நெறையா இருக்குதுங்க, பாப்பாவுக்கும் கரைச்சுக் குடுங்கக்கா" என்றாள். முந்தின வாரம்தான் நான் ஒரு கை அரப்பு இல்லை என்றவள். நான் வாங்கிக்கொண்டேன். செம்பட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததை என் பிள்ளைக்கா கொடுப்பது என்று, அதை அவருடைய காப்பியில் போட்டேன். காப்பி நன்றாக இருக்கிறது என்றார்.

இரண்டு மாதத்தில் அந்தக் குழந்தை வேலியைப் பிடித்துக்கொண்டு குதித்தது. என் மகளுக்குக் கால் வீங்கியது. அழுத்தினால் குழி விழுந்தது. பொழுது சாய்ந்தால் சுவரில் முட்டிக்கொள்வாள். பிறகு பகலிலும் கண்ணைத் திறக்க மறுத்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. முடியைப் பற்றிய பயம் அல்ல. அந்தப் பயம் போன இடம் தெரியவில்லை.

ரோடு வேலை லாரியில் அவளை மடியில் போட்டுக்கொண்டு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் தலை என் கைக்குள் துவண்டு துவண்டு சாய்ந்தது. கீழே ஆஸ்பத்திரியில் இருந்தவர் அதே டாக்டரம்மா. காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத் துணி போட்டு, அதை எடுத்துத் தலை ஓரமாகத் துடைத்தார். துணி நீலமாக வந்தது. அவர் துணியைப் பார்த்தார். மறுபடி அழுத்தித் துடைத்தார். அடியில் செம்பட்டை தெரிந்தது. இரண்டு விரலால் ஒரு கொத்து முடியைப் பிடித்து மெல்ல இழுத்தார். வலியே இல்லாமல் கையோடு வந்துவிட்டது.

"என்னம்மா இது?" என்றார்.

நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கிறார் என்று தெரிந்தும், அரப்பு, அவுரி, நீலம், என் தலை, எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு மெதுவாகத்தான் பேசினார்.

"சத்து இல்லாத குழந்தைக்குத்தாம்மா முடி இப்படி வெளுத்துப் போகும், கால் வீங்கும், கண்ணும் கெடும். அத்தனை கூட்டத்துல ஒவ்வொரு குழந்தையையும் எங்களால தொட்டுப் பார்க்க முடியாது. இந்தக் கலரைத் தேடித்தாம்மா நாங்க மலையேறி வந்தோம்."



என் வீட்டுக்காரர் என்னை வெளியே வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போனார். என்னை அடித்துவிட மாட்டாரா என்று இருந்தது. அவரோ, "எனக்குத் தெரியும்" என்றார்.

"என்னங்க?"

"உன் முடி செம்பட்டைன்னு. கட்டிக்கிட்டு வந்த மாசமே தெரியும். தலகாணி உறையெல்லாம் நீலமா இருந்தா ஒரு மனுசனுக்குத் தெரியாதா? நீயா சொல்லுவீன்னு இருந்தேன். செம்பட்டையா இருந்தா இருந்துட்டுப் போவுதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கோணும். என் தப்பும்தான்."

நாலு வருஷம் வாய்க்கால் வெட்டி மறைத்த ரகசியம், முதல் மாதமே தெரிந்துபோன ரகசியம். அதைக் காப்பாற்றத்தான் என் குழந்தையைக் கொடுத்தேன். அவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டது என்னைத் தேற்றுவதற்கு. எனக்கு அதுவும் தாங்கவில்லை.

மகள் பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் இருந்தோம். பாலும் முட்டையும் பருப்பும் உள்ளே போகப் போக வீக்கம் வடிந்தது. ஒரு நாள் தலை சீவும்போது பார்த்தேன். நுனியெல்லாம் செம்பட்டை, அடியில் ஒரு நெல் அளவுக்குக் கறுப்பு முளைத்திருந்தது. அவுரி போடாத, நீலம் போடாத கறுப்பு. அதைப் பார்த்து நான் அழுத அழுகையைக் கேட்டு நர்ஸ் ஓடிவந்தாள். வலது கண் தப்பியது. இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். நாலு வாரம் முன்னால் வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்கலாம் என்றார். சோளக்காட்டிலிருந்து எண்ணினால் எத்தனை வாரம் என்று அவர் சொல்லவில்லை. நான் எண்ணிக்கொண்டேன்.

திரும்பி மலைக்கு வந்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் வாழை மரத்தடியில் கொட்டினேன். என் தலையில் செம்பட்டை வெளியே வந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவருக்கும் அதில் அக்கறையே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் என் மகளின் கண்ணைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சாயம் மறைத்ததால் டாக்டரம்மா பார்க்காமல் போனதை அவளிடம் சொன்னேன். அதற்கு அவள், கள்ளம் கபடம் இல்லாமல் ஒன்று சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க அரப்பு குடுத்திருந்தா எம்புள்ளையும் இப்புடித்தானுங்கக்கா ஆயிருக்கும். அது மருந்து, சேராதுன்னு சொல்லித் தடுத்தீங்க பாருங்க. சாமிதான் உங்க வாயில வந்து பேசிருக்குது."

நான் பொய்தான் சொன்னேன் புள்ள, பொறாமையில்தான் கொடுக்கவில்லை என்று அவளிடமும் சொல்லவில்லை. அந்தக் கதை முழுவதிலும் நான் செய்த ஒரே நல்ல காரியம், கொடுக்க மனசில்லாமல் டப்பாவை மூடியதுதான்.

எங்கள் பக்கத்து ரோடு வேலை முடிந்து நாங்கள் அடிவாரத்து ஊருக்கே வந்துவிட்டோம். மகள் பள்ளிக்கூடம் போனாள். "பூக்கண்ணி" என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்தாள். செம்பட்டச்சி என்ற பேருக்குப் பயந்து நான் ஓடிய ஓட்டத்தில் என் மகளுக்குக் கிடைத்த பேர் அது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால் எழுந்து போய்விடுவேன். இன்றைக்கும் அப்படித்தான்.

ஏழு வயதில் ஒரு நாள் கேட்டாள். "ஏனுங்கம்மா, எங்கண்ணு எப்புடிப் போச்சு?"

"அம்மை போட்டுச்சு சாமி" என்றேன். யோசிக்கவே இல்லை, நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

அவள் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். "அம்மை போட்டா மூஞ்சியெல்லாம் குழி இருக்குமே. எனக்கு ஒண்ணுகூட இல்லியே?"

"மாரியாத்தா மூஞ்சிய உட்டுட்டா."

அவள் அதை நம்பினாள். நம்பியதோடு விடவில்லை. அந்த வருஷத்திலிருந்து மாரியம்மன் நோம்பி வந்தால் உப்பும் மிளகும் வாங்கிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிடுவாள், முகத்தை விட்டுவைத்ததற்கு நன்றி சொல்ல. பத்து வயதில் கோயில் வாசல் கடையில் கண்மலர் வேண்டும் என்று கேட்டாள். கண்ணுக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் அம்மனுக்குச் சாத்துகிற வெள்ளித் தகட்டுக் கண் இரண்டு. வாங்கிக் கொடுத்தேன். உண்டியலில் போட்டுவிட்டு வெகு நேரம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"என்ன கண்ணு வேண்டிக்கிட்ட?" என்று கேட்டேன்.

"போன கண்ணு வராதுன்னு எனக்குத் தெரியுமுங்கம்மா. இருக்கறது இருந்தாப் போதும்னு ஒண்ணு போட்டேன். இன்னொண்ணு உங்களுக்கு. அம்மை போட்ட புள்ளையத் தூக்கிட்டு மலையெறங்கி ஓடியாந்து காப்பாத்துனீங்கல்ல, எங்கம்மா கண்ணுல ஒரு குறையும் வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

கூட்டத்தில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். அன்றைக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நோம்பி வந்து போயிற்று.

அவள் வேண்டுதல் பலித்துவிட்டது. இந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல்தான் எழுதுகிறேன். நான் எழுதுவதை எல்லாம் முதலில் படிப்பது அவள்தான். காகிதத்தை வலது பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணால் வரி வரியாகப் படித்துப் பிழை திருத்திக் கொடுப்பாள். இதையும் அவளிடம்தான் கொடுக்கப்போகிறேன்.